தானாக ஏறும் எண்ணுக்கு எங்கே தொடக்கம், எத்தனை படி?

2024 ஜூன் 3 – பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி

அண்ணா, சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவங்கள் (கொட்டகைகள்) ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு டெப் (கைக்கணினி), அதற்குள் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம். மாலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் எல்லாம் தொழிற்சாலை சேர்வரிலுள்ள மை எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு ஏறிவிடும். நிறுவை அட்டவணையில் ஒவ்வொரு பதிவுக்கும் தானாக விழும் எண்ணை 1-இல் தொடங்குவதா, 100000-இல் தொடங்குவதா? ஒவ்வொன்றாக ஏற்றுவதா, விடுபட்ட நிறுவையை இடையில் செருக வசதியாகப் பத்துப் பத்தாக ஏற்றுவதா? எண்ணுக்குச் சிறிய இன்ட் வகை போதுமா, பெரிய பிக்இன்ட் வகை வேண்டுமா? எண்களுக்கு இடையில் இடைவெளி விழவே கூடாது என்று கணக்காளர் சொல்கிறார். அதற்கு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

2024 ஜூன் 3, இரவு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளைக் கோணலாக்கியிருப்பது அதுதான். இடைவெளியே விழாத தானியங்கி எண்ணைத் தரும் அமைப்பு மை எஸ்கியூஎல்லில் இல்லை. எஸ்கியூஎல் சேர்வர், ஒராக்கிள், போஸ்ட்கிரஸ் என்ற மற்றத் தரவுத்தளங்களிலும் இல்லை. இரண்டு கிளாக்கர்மார் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 51 கிடைக்கிறது, மற்றவருக்கு 52 கிடைக்கிறது. 51-ஐ வாங்கியவரின் பரிவர்த்தனை (நடந்தால் முழுதாக நடக்க வேண்டிய பதிவு வேலை) பாதியில் முறிந்து ரோல்பேக் ஆனால், அதாவது செய்தது எல்லாம் பின்வாங்கப்பட்டால், அந்த எண் திரும்பி வராது. அது திரும்பி வரத்தான் வேண்டுமென்றால், 51-இன் கதி என்னவென்று தெரியும்வரை 52-க்கு உரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் எண் கொடுக்கும் வேலையைப் பரிவர்த்தனைக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலம் நினைவிருக்கும். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் அப்போது எஸ்கியூஎல் சேர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலைக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இன்வொய்ஸ் நம்பர் உண்டு. மூட்டையின் மேல் தோட்ட மார்க், தரம் ஆகியவற்றோடு அதையும் குத்துவார்கள். அந்த நம்பரை நான் ஐடென்டிட்டி என்ற, தானாக ஏறும் எண் நெடுவரிசையிலிருந்து நேரடியாக எடுத்துக் கொடுத்திருந்தேன். யூபிஎஸ் பற்றரி செத்து வெகுநாளாகியிருந்தது. ஒரு மாலை மின்சாரம் போனது, இரவு வந்தது, காலையில் 213-க்கு அடுத்த மூட்டைகளில் 1002 என்று குத்தப்பட்டிருந்தது. கிளாக்கர் ஐயா தொலைபேசியில் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, நடுவுல எழுநூத்தி எண்பத்தெட்டு இன்வொய்சு எங்க போச்சு? நான் வித்துட்டேன்னு சொல்லப் போறாங்க."

நடந்தது இதுதான். எஸ்கியூஎல் சேர்வர் 2012 பதிப்பு முதல் இன்ட் வகைக்கு ஆயிரம் எண்களையும் பிக்இன்ட் வகைக்குப் பத்தாயிரம் எண்களையும் ஒரு கட்டாக முன்கூட்டியே ஒதுக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. முறைப்படி நிறுத்தாமல் இயந்திரம் அணைந்தால், கட்டில் மிஞ்சியிருந்தவை அத்தோடு போய்விடும். ஒராக்கிளில் எண் கொடுக்கும் சீக்வென்ஸ் இயல்பாக இருபது எண்களை இப்படி வைத்திருக்கும். போஸ்ட்கிரஸ் விழுந்து எழுந்தால் முப்பத்திரண்டு வரை தாண்டக்கூடும்.

எஸ்கியூஎல் சேர்வரில் இதை அணைக்க முடியும். 2017 பதிப்பு முதல் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனியாக இந்த முன் ஒதுக்கலை, அதாவது ஐடென்டிட்டி கேஷை, நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் 272 என்ற ட்ரேஸ் ஃப்ளாக் (சேர்வரின் நடத்தையை மாற்றும் விசை) இருந்தது. நான் உடனே அணைத்தேன், பிரச்சினை தீர்ந்தது என்று மார் தட்டினேன். இரண்டு வாரத்தில், அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கி என் நிரல் பரிவர்த்தனையை ரத்துச் செய்ததால், ஒரேயோர் எண் காணாமல் போனது. எழுநூற்று எண்பத்தெட்டு போனபோது வந்த அதே தொலைபேசி அழைப்பு ஒன்று போனதற்கும் வந்தது.

பிறகுதான் புத்தி வந்து, இன்வொய்ஸ் நம்பரை ஐடென்டிட்டியிலிருந்து பிரித்தேன். ஒரேயொரு பதிவு மட்டும் உள்ள சிறிய அட்டவணை ஒன்றில் கடைசியாகக் கொடுத்த நம்பர் இருக்கும். இன்வொய்ஸ் எழுதும் பரிவர்த்தனைக்குள்ளேயே அதை ஒன்று கூட்டி எடுக்க வேண்டும், பரிவர்த்தனை முறிந்தால் கூட்டலும் சேர்ந்தே முறியும். அடுத்தவர் காத்திருக்க நேரும் என்பது உண்மைதான், ஆனால் வாரத்துக்கு இருபது இன்வொய்ஸ் எழுதும் இடத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கப் போகிறார்கள்? பிழையான இன்வொய்ஸை அழிக்காமல் "ரத்து" என்று குறித்து வைக்கிறோம். கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகத்தில் பழுதான தாளைக் கிழித்தெறியாமல் இரண்டு பிரதியையும் சேர்த்துப் பின் குத்தி வைப்பது கிளாக்கர்மாருக்குப் பழகிய வழக்கம்தான்.

எனவே கணக்காளரிடம் முதலில் கேளுங்கள்: அவர் எதற்கு இடைவெளி இருக்கக் கூடாது என்கிறார், நிறுவைப் பதிவுக்கா, பணம் கொடுக்கும் பற்றுச்சீட்டுக்கா?

2024 ஜூன் 4, காலை

பத்துப் பத்தாக ஏற்றுவது பேசிக் (BASIC) என்ற பழைய நிரல் மொழியில் வரிக்கு 10, 20, 30 என்று எண் போட்டவர்களின் பழக்கம். அங்கே எண்தான் ஓடும் வரிசை, ஆகையால் இடையில் 15-ஐச் செருக இடம் விட்டார்கள். உங்கள் அட்டவணையில் நிறுத்த நேரம் தனி நெடுவரிசையாக இருக்கும்போது, விடுபட்ட நிறுவை எந்த எண்ணில் நுழைந்தாலும் நேரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். படி ஒன்றே போதும்.

2024 ஜூன் 6

தொடக்க எண்ணைப் பற்றி. 1-இல் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. 100000-இல் தொடங்கினால் எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் தெரியும் என்பது அழகுக்கான காரணம். அழகை அச்சிடும் இடத்தில் பூச்சியம் நிரப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒரு காரணத்துக்காக நான் தொடக்க எண்ணை மாற்றுவதுண்டு. தோட்டக்காரர் அட்டவணையும் மலை (தேயிலை நிலப் பகுதி) அட்டவணையும் மடுவ அட்டவணையும் 1-இல் தொடங்கினால், நீங்கள் தவறுதலாகத் தோட்டக்காரர் எண்ணை மலை எண்ணோடு இணைத்துவிட்டாலும் விடை வரும். 5-ஆம் தோட்டக்காரரும் இருக்கிறார், 5-ஆம் நம்பர் மலையும் இருக்கிறது. திரையில் ஏதோ ஒரு பெயர் தோன்றும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்றை 1-இலும் இன்னொன்றை 20000-இலும் தொடங்கி வைத்தால் அதே தவறு வெறுந்திரையைக் காட்டும். அட்டவணை வளர வளர எண்கள் ஒன்றையொன்று எட்டிவிடும் என்பதால் இது நிரந்தரக் காவல் அல்ல, ஆனால் நிரல் எழுதும் முதல் ஆறு மாதத்தில் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

கழித்தல் 2,147,483,648-இல் தொடங்கினால் இன்ட் வகையின் கொள்ளளவு இரட்டிப்பாகும் என்று ஒரு யோசனை உலவுகிறது. கணக்கு சரிதான். கொழுந்துக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் கழித்தல் குறியோடு எண் அச்சாகி வந்தால், தான் தொழிற்சாலைக்குக் கடன்பட்டுவிட்டதாக நினைத்து ஒவ்வொருவரும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

2024 ஜூன் 9

இன்டா, பிக்இன்டா? மடுவத்துக்கு நாளொன்றுக்கு 300 நிறுவை என்று நீங்கள் பிறகு எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஆறு மடுவம், 1,800 பதிவு. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 540,000 பதிவு. இன்ட் 2,147,483,647 வரை போகும். வகுத்தால் ஏறத்தாழ 3,976 ஆண்டுகள். பிக்இன்ட் பதிவுக்கு நான்கு பைட் கூடுதலாக எடுக்கும். அது ஆண்டுக்கு 2.16 மெகாபைட், அட்டவணையில் ஒருமுறையும் தேடலுக்கான ஒவ்வொரு சுட்டியிலும் (இன்டெக்ஸ்) ஒருமுறையும். இரண்டும் அற்பத் தொகைகள். நாலாயிரம் ஆண்டுக்குத் தேயிலைச் செடி தாங்காது, இன்டே போதும்.

2024 ஜூன் 10, அதிகாலை

நேற்று எழுதியது பிழை. கணக்கு சரி, ஆனால் எதை எண்ண வேண்டுமோ அதை எண்ணவில்லை. எண்கள் தீர்வது பதிவுகளால் மட்டும் அல்ல, முயற்சிகளாலும்தான்.

டெப் எதை அனுப்பியது, எதை அனுப்பவில்லை என்று நினைவில் வைக்காமல், அன்றைய பதிவுகள் அனைத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை எழுதியும் இருக்கிறேன். சேர்வர் பக்கத்தில் "இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர்" என்ற கட்டளை அதை அமைதியாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் மை எஸ்கியூஎல் முதலில் எண்ணை எடுத்துக்கொண்டுதான் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் புதுப்பிக்கும், எடுத்த எண்ணைத் திருப்பி வைக்காது. இருந்தால் விட்டுவிடு என்னும் "இன்சர்ட் இக்னோர்" கட்டளையும் எண்ணைத் தின்னும். போஸ்ட்கிரஸின் "ஒன் கொன்ஃப்ளிக்ட்" வசதியிலும் இதே கதைதான்.

சிக்னல் நாள் முழுவதும் கிடைக்கிறது என்று வைத்து ஆறு டெப், 300 பதிவு, பத்து மணி நேரத்தில் 600 முறை என்று பெருக்கினால் நாளுக்கு 1,080,000 எண்கள். 3,976 ஆண்டு என்று நான் வாய்கூசாமல் சொன்னது ஆறரை ஆண்டுக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது. காலையில் பதிவு குறைவு, மாலையில்தான் 300 ஆகும் என்று தள்ளுபடி செய்தாலும் பதின்மூன்று ஆண்டுதான். நீங்கள் ஓய்வு பெறுமுன், எண் தீர்ந்துவிட்டது என்ற அழைப்பு உங்களுக்கே வரும்.

பிக்இன்ட் போடுங்கள். டெப் எதை அனுப்பியது என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டாவதைச் செய்தால் முதலாவது தேவைப்படாது, ஆனால் இரண்டாவதை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று நம்பிய பிறகுதான் முதலாவது தேவைப்படுகிறது.

2024 ஜூன் 14

ஆறு டெப்களும் ஒன்றின் எண்ணை ஒன்று மிதிக்காமல் இருக்க வழி கேட்டிருந்தீர்கள். மை எஸ்கியூஎல்லில் எண் ஏறும் படி அளவுக்கும் தொடக்க நகர்வுக்கும் இரண்டு சேர்வர் அமைப்புகள் உண்டு. படியைப் பத்து என்று வைத்து, முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2 என்று நகர்வைக் கொடுத்தால், ஒன்று 1, 11, 21 என்றும் மற்றது 2, 12, 22 என்றும் போகும். இடங்கள் பத்து ஆகும்வரை மோதல் வராது. இதைச் செய்யுங்கள்.

2024 ஜூன் 14, அரை மணி நேரம் கழித்து

உங்கள் டெப்பில் இருப்பது எஸ்கியூலைட் என்பதை மறந்துவிட்டேன். அதில் அப்படி அமைப்பே கிடையாது. மேலே சொன்னது ஒன்றோடொன்று நகலெடுக்கும் பல மை எஸ்கியூஎல் சேர்வர்களுக்கு உரியது, உங்களுக்கு உரியது அல்ல.

மடுவத்துக்கு ஒரு கோடி எண் என்று வேலி போட்டுப் பிரிக்கலாம்: முதல் மடுவம் 10,000,001 முதல், அடுத்தது 20,000,001 முதல். பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்கு ஒருவர் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்து எந்த மடுவம் என்று நிரலில் எழுதிவிடுவார், மறுநாள் ஒரு மடுவம் இன்னொன்றோடு சேர்க்கப்படும்.

இரண்டையும் இரண்டு நெடுவரிசையாகவே வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி: மடுவத்தின் எண், அதற்குள் தொடர் எண். இரண்டும் சேர்ந்து முதன்மைச் சாவி, அதாவது பதிவை அடையாளம் காட்டுவது. இது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து இங்கே வந்த தொழிலாளருக்குக் கொடுக்கப்பட்ட தகரத் துண்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளுக்குரிய தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. 1-ஆம் ஆள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கலாம். தோட்டத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் யார் என்று தெரியும். (1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட கடன் துண்டு வேறு, இந்தத் தகரத் துண்டு வேறு. இரண்டையும் குழப்பி ஒருமுறை என் பாட்டனாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.) மனிதரின் கழுத்தில் தொங்கவிட்டது கொடுமை, கொழுந்துக் கணக்குக்கு அதே ஏற்பாட்டில் பிழையில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைக்கிறது. சேர்வரின் நிறுவை அட்டவணைக்கு இந்தக் கூட்டுச் சாவி இருந்தால், அங்கே தானாக ஏறும் எண்ணே வேண்டியதில்லை. திரும்ப அனுப்பினாலும் எண் தீராது. பத்தாம் தேதி அதிகாலையில் நான் பட்ட கவலை முழுவதும் இல்லாத நெடுவரிசையைப் பற்றியது.

2024 ஜூன் 17

கூட்டுச் சாவி சரி. அதை மடுவத்தோடு கட்டியது தவறு. இரண்டு பொறிகள் இருக்கின்றன, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதல் பொறி எஸ்கியூலைட்டின் வழக்கம். அதில் முழு எண் முதன்மைச் சாவி என்று மட்டும் அறிவித்தால், இருக்கும் பதிவுகளில் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கொடுக்கும். சேர்வருக்கு ஏற்றியபின் இடம் மிச்சமாகட்டும் என்று டெப்பிலுள்ள பதிவுகளை அழித்தீர்களானால், மறுநாள் காலை எண் மறுபடியும் 1. சேர்வரில் அதே மடுவத்தின் 1 ஏற்கெனவே இருக்கிறது. "இருந்தால் புதுப்பி" என்று எழுதியிருந்தால் நேற்றைய நிறுவையின் மேல் இன்றைய நிறுவை சத்தமில்லாமல் ஏறி உட்காரும். அட்டவணையை அமைக்கும்போது "ஆட்டோ இன்க்ரிமென்ட்" என்ற சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் இதுவரை கொடுத்த மிகப் பெரிய எண்ணை எஸ்கியூலைட் தனியாக ஓர் உள் அட்டவணையில் குறித்து வைக்கும். அந்தச் சொல் பெரும்பாலும் வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. அழித்துவிட்டுத் தொடர்பவர்களுக்கு வேண்டும்.

இரண்டாம் பொறி மழை. தலவாக்கலைப் பக்கம் ஒரு மடுவத்தில் தராசுக் கொக்கிக்கு அருகே ஆணியில் தொங்கிய டெப், கூரை ஒழுகி நனைந்து செத்தது. புது டெப்பில் மென்பொருளைப் பதிந்து அதே மடுவ எண்ணைக் கொடுத்தார்கள். புதிய கருவிக்குப் பழையதின் எண்ணிக்கை எப்படித் தெரியும்? அதுவும் 1-இல்தான் தொடங்கியது. ஆகவே சாவியின் முதற்பாதி மடுவமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை மென்பொருளைப் பதியும்போதும் சேர்வரிடமிருந்து புதிதாக ஒரு கருவி எண்ணை வாங்க வேண்டும். மடுவம் எது என்பது சாதாரண நெடுவரிசையாகப் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கருவி எண்ணைக் கொடுக்கச் சேர்வரில் தாராளமாகத் தானாக ஏறும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கம் 1, படி 1.

2024 ஜூன் 18

தொடர் எண்ணுக்குப் பதில் யூயூஐடி (எந்தக் கருவியும் தானே உருவாக்கும், மோதாத நீண்ட அடையாளம்) ஏன் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும். சென்ற மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலையில் ஏழாம் வகை சேர்ந்திருக்கிறது. அது நேரத்தை முன்னால் வைத்துத் தொடங்குவதால், முழுக்கத் தற்செயலான நான்காம் வகையைப் போல் சுட்டியின் எல்லாப் பக்கங்களிலும் சிதறி விழாது. பதினாறு பைட் எடுக்கும், அது உங்களுக்குப் பாரமில்லை. ஒரே மனத்தடை என்னவென்றால், நிறுவையில் தகராறு வந்து மடுவத்திலிருந்து கங்காணி தொலைபேசியில் எண்ணை வாசிக்கும்போது "நாலாம் கருவி, ஆயிரத்து முப்பது" என்பது ஒரே மூச்சில் முடியும். முப்பத்திரண்டு எழுத்தை மழை இரைச்சலில் வாசித்துப் பாருங்கள்.

2024 ஜூன் 22

சேர்வரிலுள்ள மை எஸ்கியூஎல் எந்தப் பதிப்பு? 5.7 என்றால் மேற்பதிப்புக்கு மாறுங்கள்.

அந்தப் பதிப்பு வரை, மை எஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சேர்வரை நிறுத்தித் தொடக்கினால், அட்டவணையிலுள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டிக்கொள்ளும். கடைசிப் பதிவை அழித்துவிட்டு நிறுத்தியிருந்தால், அழித்த எண் மறுநாள் இன்னொருவருக்குப் போகும். இதைப் பற்றிய முறைப்பாடு 2003-இல் பதிவானது, 199-ஆம் இலக்கப் பிழை. தீர்வு 2018-இல் 8.0 பதிப்போடுதான் வந்தது.

இடி மின்னலுக்குப் பயந்து இரவில் கணினியை அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிடும் ஊர் நம்முடையது. சிறுதோட்டக்காரர் சங்கம் ஒன்றுக்கு நான் முன்பு எழுதிக் கொடுத்ததில், 412-ஆம் அங்கத்தவர் சேர்ந்த வாரத்திலேயே இரண்டு மூட்டை யூரியாவைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். கிளாக்கர் அவருடைய பதிவை அழித்தார், மாலையில் கணினியை அணைத்தார், காலையில் சேர்ந்த ஓர் அம்மாவுக்கு 412 கிடைத்தது. உரக் கடன் கணக்கு எக்செல் தாளில் அங்கத்தவர் எண்ணைக் கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் தரவுத்தளத்துக்கு அதைத் தடுக்க வழியில்லை. மாத முடிவில் அவருடைய கொழுந்துக் காசில் இரண்டு மூட்டைக்குக் கழிவு விழுந்தது. "யூரியா மூட்டைய நான் கண்ணால கூடக் காணலையே தம்பி" என்று அவர் என் முன்னால் நின்றபோது, முதலில் நான் நம்பியது கணினியைத்தான். அது இன்றுவரை உறுத்துகிறது.

8.0-க்கு மாறினாலும் அங்கத்தவரை அழிக்காதீர்கள். விலகிய தேதி என்று ஒரு நெடுவரிசை வைத்து நிரப்புங்கள்.

2024 ஜூன் 23

அங்கத்தவருக்குத் தேசிய அடையாள அட்டை எண்ணையே சாவியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று பதுளையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் புதிய எண் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் இரண்டு வடிவத்திலும் எழுதப்படலாம். அவற்றை உருவாக்குவதும் மாற்றுவதும் உங்கள் கையில் இல்லை. ஒருவருக்கு இருமுறை பதிவாகாமல் தடுக்கும் காவலாக அதை வையுங்கள், சாவியாக வேண்டாம். அட்டை எடுக்காத முதியவர்கள் கொழுந்து கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவீர்களா?

2024 ஜூன் 29

அதே பதுளை நண்பர் போஸ்ட்கிரஸ் பயன்படுத்துகிறார். புதிய அட்டவணையில் சீரியல் என்ற பழைய தானியங்கி எண் வகை வேண்டாம், 2017-இல் 10-ஆம் பதிப்போடு வந்த ஐடென்டிட்டியைப் பயன்படுத்துங்கள். அதிலும் "ஜெனரேட்டட் ஆல்வேஸ்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். "பை டிஃபோல்ட்" என்றால், யாராவது எண்ணைக் கையால் கொடுத்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், சீக்வென்ஸுக்குச் செய்தி போகாது. பழைய தரவிலிருந்து 1 முதல் 900 வரை கையால் ஏற்றியபின் முதல் புதிய பதிவு 1 கேட்டு மோதும். பயனர் மறுபடி அழுத்துவார், 2 மோதும். ஓரிடத்தில் ஒரு கிளாக்கர், பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினால் சேமித்துவிடும் என்று ஒரு மாதம் நம்பியிருந்தார், ஏனென்றால் அங்கே கையால் ஏற்றியிருந்தது பன்னிரண்டு பதிவுதான். ஆல்வேஸ் என்றால் கையால் கொடுப்பதைத் தடுத்துவிடும்.

2024 ஜூலை 1

தடுக்கும் என்று சொன்னேன், கொப்பி கட்டளையைத் தடுக்காது. ஆல்வேஸ் என்று இருந்தாலும் கொப்பி மூலம் கோப்பிலிருந்து ஏற்றும்போது கோப்பிலுள்ள எண்ணே உள்ளே போகும். கையேட்டில் ஒரு வரியாக இருக்கிறது, நண்பர் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காட்டினார். எந்த வழியில் ஏற்றினாலும், கடைசியில் சீக்வென்ஸைப் பெரிய எண்ணுக்கு நகர்த்திவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 5

கொழுந்துத் துண்டில் உள் எண்ணை அச்சிடுவதா என்ற கேள்விக்கு: தொடர்ந்து ஏறும் எண் வெளியே போனால் அதோடு உங்கள் அளவும் வெளியே போகிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் பிடிபட்ட ஜெர்மன் டாங்கிகளின் தொடர் எண்களை வைத்து மாத உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327, போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளில் கிடைத்தது 342, உளவுத்துறை சொல்லியிருந்தது 1,550. உங்கள் வட்டாரத்தில் கொழுந்துக்குப் போட்டி போடும் லொறிக்காரர் அவ்வளவு கணிதம் செய்யத் தேவையில்லை. நேற்றைய துண்டையும் இன்றைய துண்டையும் ஒரு தோட்டக்காரரின் சட்டைப் பையிலிருந்து வாங்கிக் கழித்துப் பார்த்தால் போதும். தேதியோடு அந்த நாளுக்குள் ஓடும் சிறு எண்ணை மட்டும் அச்சிட்டாலும் அந்த நாளின் அளவு தெரியும். கருவிவாரியாகப் பிரிந்திருப்பதால் உங்களுக்கு இந்த ஆபத்து ஆறில் ஒரு பங்குதான் என்பது தற்செயலாகக் கிடைத்த நன்மை.

2024 ஜூலை 19

அங்கத்தவர் அட்டையின் எண்ணைத் தனி நெடுவரிசையாகவும் உள் ஐடென்டிட்டியை யாருக்கும் காட்டாமலும் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அட்டை எண்ணை 1001-இல் தொடங்கியது உங்கள் விருப்பம். முதல் வாரத்திலேயே ஒருவர் 1007-ஐத் திருப்பிக் கொண்டுவந்து, கூட்டினால் எட்டு வருகிறது, கொழுந்து விளங்காது, 1008-ஐக் கொடுங்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்துகொண்டாராம். என் பழைய மென்பொருளில் அப்படி யாராவது கேட்டிருந்தால், நிறுவை, கடன், கழிவு எல்லாவற்றிலும் எண்ணை மாற்ற அரை நாள் எடுத்திருக்கும். நீங்கள் ஒரு கட்டத்தைத் திருத்திப் புது அட்டை அச்சிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். 1007 யாருக்கும் போகாமல் மேசை லாச்சியில் கிடக்கிறதென்றும், எண்ணில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டதாகக் கணக்காளர் கேட்கிறாரென்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டையின் மேல் "ரத்து" என்று எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.